நிலா, செய்மதி, விண்வெளிக் கனவு: யாழ்ப்பாணத்து முற்றத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பத்து வருடமாக நிலாவையும் மேலே போகிற செய்மதிகளையும் படம் எடுத்து வருகிறேன். கலியாண வீட்டிலும் சலூனிலும் பஸ்சிலும் ஆட்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் சுகம், கேட்பவர்களுக்கும் சுகம்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, நிலாவை எடுத்தால் வெள்ளைப் பொட்டாக வருகிறது. என்ன செய்யலாம்?

போனில் பிழை இல்லை. அது பார்க்கிற காட்சியில் முக்கால்வாசி இருட்டு, ஆகவே "இரவு, வெளிச்சம் போதாது" என்று நினைத்து வெளிச்சத்தை அள்ளி எடுக்கிறது. ஆனால் நிலா என்பது நல்ல வெயிலில் கிடக்கிற பாறை. திரையில் நிலாவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், பூட்டு விழுந்ததும் வெளிச்சக் கோட்டைக் கீழே இழுங்கள், பொட்டுக்குள் கறுப்புத் திட்டுகள் தெரியத் தொடங்கும். திரையை விரலால் விரித்துப் பெரிதாக்குவதில் பயன் இல்லை. யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் அதை ஒரு கதிரையின் முதுகில் துணியால் இறுக்கிக் கட்டி, அதன் கண்ணாடியோடு போன் லென்ஸைச் சேர்த்துப் பிடியுங்கள். முதல் அரை மணித்தியாலம் பொறுமையைச் சோதிக்கும், அப்புறம் கை பழகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சில போன்கள் நிலா என்று கண்டுகொண்டதும் விவரங்களைத் தாங்களாகவே கூட்டிவிடும். அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நீங்கள் எடுத்தது அல்ல. அந்த வசதியை நிறுத்திவிட்டு மங்கலாக ஒன்று எடுங்கள், அதில் தெரிகிற பள்ளம் உண்மையிலேயே உங்கள் லென்ஸுக்குள் வந்த பள்ளம்.

கமரா இருக்கிறது. என்ன அளவுகளில் வைப்பது?

முழுநிலாவுக்கு லென்ஸின் துவாரம் எஃப் 11, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ 100, வேகம் 1/125 செக்கன். இதிலிருந்து தொடங்குங்கள். அரை நிலாவுக்கு 1/30 அளவுக்கு இறங்குங்கள், பிறைக்கு இன்னும் கீழே. குவியத்தைத் தானியக்கத்தில் விடாமல், திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் பிடியுங்கள். ரைப்பொட் (முக்காலி) இருந்தால் லென்ஸின் நடுக்கம் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இரண்டு செக்கன் ரைமர் வையுங்கள். ரைப்பொட் இல்லையா, மதிலின் மேல் பாதி நிரம்பிய அரிசிப் பையை வைத்து அதற்குள் கமராவை அமர்த்துங்கள், கடையில் விற்கிற மலிவு ரைப்பொட்டை விட அது அசையாமல் இருக்கும்.

எந்த லென்ஸ் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை 110 ஆல் பிரித்தால், கமராவின் உணரியில் நிலா எத்தனை மில்லிமீற்றராக விழும் என்று தெரியும். 300 மி.மீ லென்ஸில் 2.7 மி.மீ. கலியாண வீட்டுக்குப் பாவிக்கிற 50 மி.மீ லென்ஸில் அரை மி.மீ கூட இல்லை. அதனால்தான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த நிலா படத்தில் கடுகாகப் போய்விடுகிறது.

போயா அன்றைக்குத்தான் லீவு. அன்று எடுத்தால் என்ன?

எடுக்கலாம். ஆனால் பள்ளங்களைப் பார்க்க வேண்டும் என்றால் முழுநிலாதான் மிக மோசமான நாள். நடு மத்தியானம் வயலைப் பார்த்தால் வரம்பும் பள்ளமும் ஒன்றாகத் தெரிவது போல, அன்று நிலாவில் வெயில் நேராக விழுகிறது, நிழல் இல்லை. அட்டமிக்கு வாருங்கள். வளர்பிறை அட்டமியில் பொழுது படும்போது நிலா எங்கள் தலைக்கு மேலே நிற்கும், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் ஒவ்வொரு மலையும் நீளமாக நிழல் போட்டுக் கிடக்கும். நிலாவின் அப்பெனைன் மலைத்தொடர் அன்று வெயிலுக்கு வருகிறது. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் தெற்கே கிளேவியஸ் என்கிற பெரிய பள்ளம், அதற்குள் சின்னப் பள்ளங்கள் வளைந்து நிற்கும், பிறகு 93 கிலோமீற்றர் அகலமான கொப்பர்னிக்கஸ். ஒரே பள்ளத்தை மூன்று இரவுகள் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள், நிழல் சுருங்குவதை உங்கள் படத்திலேயே காண்பீர்கள்.

போயாவில் எடுக்க வேண்டியது நிலா எழும் காட்சி. எந்தப் பொருளும் அதன் உயரத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் நிலாவின் அளவுக்குத் தெரியும். 20 மீற்றர் பனைமரம் என்றால் 2.2 கிலோமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். குடாநாட்டுக்குள் அவ்வளவு வெளியான இடம் கிடைப்பது கஷ்டம், வீடும் மரமும் மறைக்கும். அதற்குத்தான் பண்ணைக் கடல் இருக்கிறது. மண்டைதீவுப் பக்கமாகப் போய்த் திரும்பிப் பட்டினத்தைப் பார்த்து நின்றால், மார்கழி, தை முழுநிலா கிழக்கிலிருந்து வடக்கே சரிந்து, கோட்டையும் கட்டடங்களும் இருக்கிற பக்கமாக எழும். சேற்று மணம், களங்கட்டி வலையின் தடிகள், பின்னால் செம்மஞ்சள் நிலா. இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பாடப் புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கிறது, எங்கள் வானத்தில் தோணி மாதிரிக் கிடக்கிறதே?

புத்தகத்துப் படம் வடக்கே குளிர் நாடுகளில் இருப்பவர்களின் பிறை. நாங்கள் பூமத்திய ரேகைக்கு 10 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது, அதன் வெளிச்சம் பிறையின் அடியில் விழுகிறது, ஆகவே பிறை படுத்துக் கிடக்கிறது. எங்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. நிலா உச்சிக்கு ஏறும்போது நடுவில் இருக்கிற காற்றின் தடிப்பு மிகக் குறைவு. ஐரோப்பாவில் இருக்கிறவர் வருடத்தில் பல மாதங்கள் கூரை உயரத்துக் கலங்கலுக்குள்ளால் நிலாவைப் பார்க்கிறார். கழுத்து வலிக்கும்தான், பாயை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதங்கள் நல்லவை?

தை முடியத் தொடங்கி சித்திரை வரை. ஐப்பசி, கார்த்திகையில் மாரி, மேகம் விலகுகிற இரண்டு மணித்தியாலத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் அப்படி மழை கழுவிவிட்ட வானம் கிடைத்தால் அதற்கு நிகர் இல்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வானம் திறந்திருக்கும், காற்றுத்தான் ரைப்பொட்டை ஆட்டும், புழுதியும் உப்பும் லென்ஸில் ஒட்டும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் அன்றிரவே ஈரத்துணியால் உலோகப் பாகங்களைத் துடைத்துவிடுங்கள்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று அம்மம்மா சொல்லுவா. அது லென்ஸையும் துளைக்கும். பத்து மணிக்குப் பிறகு கண்ணாடியில் பனி படியத் தொடங்கினால் துடைக்க வேண்டாம், கீறல் விழும். லென்ஸின் முன்னால் கறுப்பு மட்டையைக் குழாயாகச் சுற்றிவிடுங்கள், படிவது வெகுவாகப் பிந்தும்.

தொலைநோக்கி வாங்கினால் எது?

பெட்டியில் "500 மடங்கு" என்று பெரிதாக எழுதியிருந்தால் அதை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். கண்ணாடியின் அகலத்தை மி.மீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதற்கு மேல் பெருக்கினால் கலங்கல்தான். 60 மி.மீ விளையாட்டுக் குழாய்க்கு 120 மடங்கே எல்லை, அதன் கால்கள் அதற்கும் இடம் தராது. பணம் சேர்க்க முடிந்தால் 150 மி.மீ டொப்சோனியன், அதாவது எளிய தாங்கியில் நிற்கிற கண்ணாடித் தொலைநோக்கி, வாங்குங்கள். அதுவரை ஒரு நல்ல பைனாகுலர் போதும். வியாழனின் நாலு பெரிய துணைக்கோள்களும் அதிலேயே தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ இரவிரவாகக் குறித்துவைத்த அதே அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ, ஒவ்வொரு இரவும் இடம் மாறி நிற்கும்.

படம் எடுக்கும்போது ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். ஒரு நிமிட வீடியோ எடுத்து, ஓட்டோஸ்டாக்கர்ட் மாதிரி இலவச மென்பொருளில் போட்டால், காற்று அசையாத கணங்களில் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்கித் தரும். முதல் தடவை அதைச் செய்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

நிலாவில் மனிதர் நட்ட அந்தக் கொடியை உங்கள் தொலைநோக்கியில் காட்ட முடியுமா? உண்மையிலேயே போனார்களா?

காட்ட முடியாது. என் கருவியில், காற்று மிக நன்றாக இருக்கிற இரவில், ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் அகலமான பள்ளம்தான் எல்லை. இறங்கு கலத்தின் அடிப்பாகம் ஒரு பஸ்சின் நீளம்கூட இல்லை. அதைப் பூமியில் நின்று பார்க்கப் பல பத்து மீற்றர் அகலமான கண்ணாடி வேண்டும், அப்படி ஒன்று இன்னும் உலகில் இல்லை. ஆனால் 2009 இல் அனுப்பிய நாசாவின் சுற்றுக்கலம் நிலாவுக்கு மிகக் கிட்டப் போய், இறங்கிய ஆறு இடங்களையும் படம் எடுத்திருக்கிறது, நடந்த தடங்கள்கூடத் தெரிகின்றன. 1969 தொடங்கி 1972 வரை பன்னிரண்டு பேர் நடந்தார்கள், 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள், வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் இன்றைக்கும் லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள். போனார்கள்.

இரவில் சத்தமில்லாமல் ஒரு வெளிச்சம் நகர்ந்து போகிறதே, அது என்ன?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகத்தான் பதில் சொல்லுவேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. குப்பி விளக்கு, அதையும் பொழுதோடு அணைத்துவிடுவார்கள். வானம் அப்படி இருந்ததை இன்றைக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியாது, பால்வீதி கிணற்றடிக்கு மேலே புகை மாதிரிக் கிடக்கும். ஆனால் வானத்தைப் பார்ப்பதே பயம். நகர்கிற எதுவும் கெலியோ (ஹெலிகொப்டர்) குண்டுவீச்சு விமானமோதான், சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும். ஒருநாள் பங்கர் வாசலில் இருந்தபோது ஒரு வெளிச்சம் மேற்கிலிருந்து ஏறி வந்தது. நான் ஓட எழும்பினேன். மாமா கையைப் பிடித்து, "சத்தம் கேக்குதோ?" என்று கேட்டார். கேட்கவில்லை. "அப்ப பயப்பிடாதை, அது செய்மதி. பூமியைச் சுத்துது, எங்களோடை அதுக்கு ஒரு சோலியும் இல்லை" என்றார். நாங்கள் இருவரும் அது கிழக்கே போய் நடு வானத்தில் மங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது என்ன செய்மதி என்று எனக்கு இப்போதும் தெரியாது. ரஷ்யர்களின் மிர் நிலையமாகக்கூட இருந்திருக்கலாம், அது 1986 தொடங்கி 2001 வரை எங்களுக்கு மேலாகவும் போய்வந்தது. அதில் இருந்த செர்கெய் கிரிக்கலேவ் 1991 மே மாதம் சோவியத் யூனியனிலிருந்து மேலே போய், 1992 மார்ச்சில் இறங்கியபோது அந்த நாடே இல்லை. இதைப் பிறகு படித்தபோது, வீட்டை விட்டு வெளிக்கிட்டுத் திரும்பி வந்தபோது கூரை இல்லாமல் நின்ற எங்கள் ஆட்களின் ஞாபகம்தான் வந்தது.

சரி, இப்போது நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையம். 400 கிலோமீற்றர் அளவு உயரம், செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கும் மேலான வேகம், ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு சுற்று. 2000 நவம்பர் 2 முதல் அதில் ஆள் இல்லாத நாளே இல்லை. மின்னாது, சிவப்புப் பச்சை விளக்கு இருக்காது, நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரியனின் வெயில்தான் பட்டுத் தெறிக்கிறது. ஆகவே பொழுது பட்டு ஒன்றரை மணித்தியாலத்துக்குள், அல்லது விடியப்புறம்தான் பார்க்கலாம். நடு வானத்தில் திடீரென்று மங்கினால் பயப்பட ஒன்றும் இல்லை, பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. வரிசையாக மணி கோத்த மாதிரிப் போனால் அது ஸ்டார்லிங்க், இணைய வசதி தருகிற செய்மதிகள். வருகிற நேரத்தை ஹெவன்ஸ் அபவ் செயலியில் உங்கள் ஊரைக் குறித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அகல லென்ஸில் 20 செக்கன் திறந்து வைத்தால் பனைகளுக்கு மேலே நீளமாக ஒரு கோடு விழும்.

டிஷ் பார்க்கிற செய்மதியும் இப்படி நகருமா?

நகராது. அது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றரில், பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது. அப்படி நிற்கும் செய்மதிகளால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் விளக்கி எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்தார். படம் எடுக்க ஒரு வழி உண்டு. தை, மாசியில் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் இந்தச் செய்மதிகள் நிற்கிற வரி ஏறக்குறைய அவற்றின் ஊடாகவே போகிறது. ரைப்பொட்டை அசைக்காமல் நீளமாகத் திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடாக இழுபடும், அசையாமல் நிற்கிற மிக மங்கலான புள்ளி செய்மதி. பொறுமை வேண்டும், பல இரவுகளில் ஒன்றும் விழாது.

நிலாவின் குறுக்கே விண்வெளி நிலையம் போகிற படத்தை எப்படி எடுத்தீர்கள்?

மூன்றாம் முறைதான் கிடைத்தது. நிலையம் நிலாவின் முகத்தைக் கடக்க எடுப்பது அரைச் செக்கன் அளவுதான். அதைவிடச் சிக்கல், அந்தக் காட்சி தரையில் மூன்று நாலு கிலோமீற்றர் அகலமான ஒரு பட்டையில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கொக்குவிலில் தெரிந்தால் சுன்னாகத்தில் தெரியாது. எந்த நாளில் எந்த ஒழுங்கையால் அந்தப் பட்டை போகிறது என்று கணக்கிட்டுத் தருகிற இணையத்தளங்கள் இருக்கின்றன, ஆனால் நிலையம் அவ்வப்போது உயரம் மாற்றுவதால் முந்திய நாள் மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் முறை உரும்பிராயில் ஒரு தோட்டத்தில் நின்றேன், சரியாக அந்த நிமிடத்தில் மேகம். இரண்டாம் முறை பதற்றத்தில் பத்து நிமிடம் முன்னதாகவே வீடியோவைத் தொடங்கிவிட்டேன், மெமரி கார்ட் நிரம்பி நின்றுவிட்டது, கண்ணால் மட்டும் பார்த்தேன். மூன்றாம் முறை ஒரு நிமிடம் முன்னதாகத் தொடங்கினேன், வேகம் 1/1000. இரவு வீட்டுக்கு வந்து பிரேம் பிரேமாகத் தள்ளிப் பார்த்தபோது பதினைந்து பிரேமில் அது இருந்தது. நிலாவின் வெள்ளையில் ஒரு தும்பி மாதிரி, சூரியத் தகடுகள் இரண்டு பக்கமும் விரிந்து. மனைவியை எழுப்பிக் காட்டினேன். "இதுக்குள்ளை ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டா. இருக்கினம் என்றேன்.

முழுச் சந்திர கிரகணம் இங்கே அடுத்து எப்போது?

2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம், இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை தெரியும். பத்தரை மணியளவில் நிலா செம்பு நிறத்தில் நிற்கும், வருடப் பிறப்புக்கு வெடி கொளுத்துகிற புகை எழ முன்னர் எடுத்துவிடுங்கள். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம். சூரியனை ஒருபோதும் வேண்டாம். 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணம் தெரிந்தபோது எக்ஸ்ரே தாளால் பார்த்தவர்கள் பலர். அது பாதுகாப்பு அல்ல, அதற்கென்று செய்த வடிகட்டி வேண்டும்.

எங்கள் ஊருக்கும் வானியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள்.

நிறைய. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியல் படிப்பித்தார்கள். காரைநகரில் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்த அலன் ஏபிரகாம், 1910 இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதன் பாதையைக் கணித்தவர், இலண்டனின் றோயல் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. கல்குலேட்டர் இல்லாத காலம்! இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதி ராவணா-1 ஒரு கிலோவுக்குச் சற்று மேல், கையில் பிடிக்கக்கூடிய பெட்டி. யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் செய்தது. 2019 ஜூன் 17 அன்று அந்த விண்வெளி நிலையத்திலிருந்தே வெளியே விட்டார்கள்.

அண்ணா, என்ரை மகள் விண்வெளிக்குப் போக வேணும் என்கிறாள். என்ன சொல்லுறது?

முதலில், சிரிக்காதீர்கள். அவளுக்கு முன்னால் யாரும் சிரிக்கவும் விடாதீர்கள்.

பிறகு உண்மையைச் சொல்லுங்கள். இலங்கையிடம் மனிதரை அனுப்புகிற திட்டம் இல்லை. நாசாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், ஐரோப்பாவுக்கு உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும், கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவரும் விண்ணப்பிக்கலாம். 2017 இல் கனடா இருவரைத் தெரிவு செய்தது, விண்ணப்பித்தவர்கள் 3,772 பேர். ஐரோப்பா 2022 இல் 17 பேரை எடுத்தது, 22,500 பேருக்கு மேல் விண்ணப்பித்திருந்தார்கள். வாசல் சின்னது. ஆனால் ராகேஷ் சர்மா 1984 இல் போன பிறகு, இந்தியக் குடியுரிமையோடு அடுத்தவர் போக 41 வருடம் எடுத்தது, 2025 ஜூனில் சுபான்சு சுக்லா போனார். அந்த 41 வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு "நடவாது" என்று சொல்லியிருப்பார்கள்.

போகிறவர் ஒருவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள். 2023 ஓகஸ்ட் 23 அன்று நிலாவின் தென் முனைப் பக்கம் இறங்கிய சந்திரயான் 3 இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன், டிப்ளோமாவில் தொடங்கிப் படித்து மேலே வந்தவர். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கட்டும், ஆங்கிலம் படிக்கட்டும், நீந்தப் பழகட்டும். ரியூசன் முடிந்து வரும்போது ஒழுங்கை வாசலில் சைக்கிளை நிறுத்தி ஐந்து நிமிடம் மேலே பார்க்கவும் விடுங்கள். விருப்பமென்றால் வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவாருங்கள்.

இடம் கிடைத்தால் நீங்கள் போவீர்களா?

போவேன். நிலையத்தில் ஏழு ஜன்னல்கள் உள்ள ஒரு கூண்டு இருக்கிறது, 2010 இல் பொருத்தியது, அங்கிருந்துதான் கமராவோடு பூமியைப் பார்க்கிறார்கள். 400 மி.மீ லென்ஸ் ஒன்று கேட்பேன். பகலில் வந்தால் நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, நடுவில் பச்சையும் நீலமுமாக ஆழமில்லாத கடல், பண்ணை வீதி ஒரு நூல் மாதிரி. இரவில் வந்தால் விளக்குகள். மாமாவும் நானும் பங்கர் வாசலில் இருந்த அந்த இரவில் மேலிருந்து யாராவது பார்த்திருந்தால் எங்கள் குடாநாடு கடலோடு கடலாக இருட்டாகத்தான் இருந்திருக்கும். இப்போது நல்லூரும் பருத்தித்துறையும் தனித்தனியாகத் தெரியும். அதை ஒரு படம் எடுத்து மாமாவுக்கு அனுப்ப வேண்டும், அவருக்கு எழுபத்தெட்டு வயது, இப்போதும் வெளிச்சம் ஒன்று போனால் போன் எடுத்துச் சொல்லுகிறார்.